கதிர் ஆடாத ஐந்து ஆட்டங்கள்

எங்கள் கட்டட வாசலில் மூன்றே படிகள்தான். அவற்றில் என் மகன் கதிர் சுவரைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டாக, ஒவ்வொரு காலாக இறங்கினான். பத்தொன்பது வயதுப் பையன். நான் சிரித்தேன்.

"ஆடுனா வலிக்கத்தான்ல செய்யும்" என்றேன். அவனும் சிரித்தான். முதல் அறிகுறி அதுதான். நாங்கள் இருவரும் சிரித்துக் கடந்துவிட்டோம்.

அபுதாபியில் அவன் படிக்கும் கல்லூரியில் அமெரிக்கன் ஃபுட்பால் அணி உண்டு. தலைக்கவசமும் தோள்கவசமும் அணிந்து, முட்டை வடிவப் பந்துக்காக மோதிக்கொள்ளும் விளையாட்டு. எதிரணியை மோதித் தடுக்கும் முன்வரிசையில் கதிர் நிற்பான். அந்தப் பருவத்தில் மொத்தம் ஆறு ஆட்டங்கள். முதல் ஆட்டத்தில் முப்பத்தோரு புள்ளிகள் வித்தியாசத்தில் தோற்றிருந்தார்கள்.

நான் அபுதாபியின் தொழிற்பேட்டையான முசஃபாவில் ஒரு இரும்பு ஃபேப்ரிகேஷன் யார்டில் சேஃப்டி ஆபீசர். அங்கே கழிப்பறைச் சுவர்களில் சிறுநீரின் நிற அட்டையை ஒட்டி வைத்ததே நான்தான். வெளிர்மஞ்சள் என்றால் நல்லது, கறுத்தால் உடனே வந்து சொல்ல வேண்டும் என்று வெல்டர்களுக்குத் தமிழிலும் இந்தியிலும் தினமும் சொல்கிறவன். என் வீட்டில் அதைப் பார்க்க எனக்கு இரண்டு நாட்கள் ஆயின.

அன்று காலை அவன் தண்ணீர் ஊற்ற மறந்திருந்தான். கழிப்பறையில் கிடந்தது சுலைமானி நிறம். பால் விடாத தேநீரின் நிறம்.

"ஏல, எத்தன நாளா இப்படிப் போகுது?"

"நேத்துல இருந்துப்பா. தண்ணி கம்மியா குடிச்சேன், அவ்ளோதான்."

"ஏம்ல சொல்லல?"

"சொன்னா அடுத்த மேட்ச்ல இறக்க மாட்டாங்க."

அவன் தொடையைத் தொட்டுப் பார்த்தேன். மரக்கட்டை போல் இறுகியிருந்தது. என் மனைவி செல்வி ஒன்றும் கேட்காமல் அவனுடைய எமிரேட்ஸ் ஐடியை எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள்.

மருத்துவமனையில் சிறுநீரக மருத்துவர் ஒரு மலையாளப் பெண்மணி. எங்களுக்காக நிறுத்தி நிறுத்தித் தமிழில் பேசினார்.

"ரொம்ப ஓவரா எக்சர்சைஸ் செஞ்சானா?"

கதிர் கூரையைப் பார்த்தபடி சொன்னான். தோற்ற ஒவ்வொரு புள்ளிக்கும் பத்து முறை உட்கார்ந்து எழுவது என்று பையன்களே முடிவு செய்திருக்கிறார்கள். கோச் அங்கே இல்லை. முந்நூற்றுப் பத்து முறை, கவசம் அணிந்து, செப்டம்பர் வெயிலில்.

அது ராப்டோமயோலிசிஸ் (அளவுக்கு மீறிய உழைப்பால் தசை இழைகள் சிதைந்து ரத்தத்தில் கலப்பது). தசை சிதைவதைக் காட்டும் கிரியாட்டின் கைனேஸ் (தசைக்குள் இருக்கும் ஒரு நொதி) நூற்றுக்கணக்கில் இருக்க வேண்டியது, லட்சத்தைத் தாண்டியிருந்தது.

"கிட்னி வடிகட்ட முடியாமத் திணறுது. பொட்டாசியமும் ஏறுது. அது ஏறினா ஹார்ட்டுக்கு ஆபத்து. இன்னைக்கே டயாலிசிஸ் வேண்டி வரலாம்."

"திரும்ப வேலை செய்யுமா, டாக்டர்?" செல்வி கேட்டாள்.

"அதிகமும் செய்யும். இன்னைக்கு என்னால உறுதி சொல்ல முடியாது."

'பெரும்பாலும்' என்பதற்கு அவர் சொன்ன அந்த 'அதிகமும்' என்ற ஒரு சொல்லை நாங்கள் இருவரும் பல நாட்கள் மென்றுகொண்டிருந்தோம்.

நடைபாதையில் அணியின் கேப்டன் ஹம்ஸா நின்றிருந்தான். ஷார்ஜாவில் வளர்ந்த பாகிஸ்தானிப் பையன். என்னைக் கண்டதும் எழுந்து, "சாரி அங்கிள், அந்த முந்நூற்றுப் பத்தையும் நான்தான் எண்ணினேன்" என்று உருதுவில் சொன்னான். அவன் சட்டையைப் பிடிக்க என் கை எழுந்தது உண்மை. ஆனால் இத்தனை வருட வேலைப் பழக்கம் முந்திக்கொண்டது. யார்டில் பேசும் இந்தியில் கேட்டேன்.

"வேற யாரெல்லாம் செஞ்சாங்க? ஒவ்வொருத்தனுக்கா போன் போடு. மூத்திரம் என்ன கலர்னு கேளு. ஜல்தி, பாய்."

வெட்கப்பட்டுக்கொண்டே கேட்டான். பத்தாவது அழைப்பில் அவன் முகம் மாறியது. முதலாண்டுப் பையன் ஒருவன் விடுதி அறையில் எழ முடியாமல் படுத்திருந்தான். அடுத்த ஒரு மணி நேரத்தில் அவனும் அதே அவசரப் பிரிவுக்கு வந்து சேர்ந்தான். டிரிப் மட்டும் போதும் என்ற நிலையில் தப்பித்தான்.

கதிருக்குக் கழுத்தில் குழாய் வைத்து நான்கு முறை டயாலிசிஸ் நடந்தது. படுக்கையோரம் தொங்கிய பையில் எத்தனை மில்லி சிறுநீர் சேர்ந்தது என்பதே எங்கள் உலகச் செய்தி. முதல் நாள் முழுவதும் ஒரு தேநீர்க் குவளை அளவுகூட இல்லை. எட்டாம் நாள் பை பாதிவரை நிறைந்தது. சிறுநீரைப் பார்த்து என் மனைவி அழுததை அன்றுதான் கண்டேன்.

இரண்டாவது ஆட்டம் அவன் வார்டில் இருக்கும்போது நடந்தது. செய்தி வந்த போனைத் தலையணைக்கடியில் தள்ளினான். தோல்வி. வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் கழித்து மூன்றாவது ஆட்டம். அதில் வென்றார்கள். அன்று அவன் சாப்பிடவில்லை. தோல்வியைவிட அந்த வெற்றி அவனை அதிகம் வருத்தியது.

இதே நிலையில் இருக்கும் பெற்றோருக்கு ஒன்று. குணமாவது நேர்கோட்டில் நடப்பதில்லை. ரத்தப் பரிசோதனை எண்கள் இறங்கிய வாரத்தில் அவன் எரிந்து விழுந்தான். எண்கள் சற்று ஏறிய வாரத்தில் நாங்கள் அவன் குளியலறைக் கதவின் வெளியே நின்றோம். பிறகு அவனே, "உள்ள வந்து பாத்துக்கோங்களேன்" என்று கத்தினான். அதற்குப் பிறகு நிற்பதைக் குறைத்துக்கொண்டோம்.

ஆறாவது ஆட்டத்துக்கு அவனை நான்தான் காரில் கூட்டிப்போனேன். குளிர்காலம். டாஸ் போடும்போது ஹம்ஸா அவனையும் மைதான நடுவுக்கு அழைத்துப்போனான். கவசம் இல்லாமல் அவன் மெலிந்து தெரிந்தான். நாற்பது தப்படிதான் இருக்கும். போய்த் திரும்பும்வரை அவன் காலடிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அணி தோற்றது. பருவம் முடிந்தது.

ஒப்பந்தம், லீவு, விசா புதுப்பிப்பு என்று வருடக்கணக்கில் ஓடிய காலம் எங்களுக்கு இப்போது ஒரு ரத்தப் பரிசோதனையிலிருந்து அடுத்ததுவரை மட்டுமே. அடுத்தது மூன்று மாதம் கழித்து. அடுத்த பருவம் ஆடலாமா என்பதை அதற்குப் பிறகு பேசலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

திரும்பும் வழியில், ஒரு பாலத்தைத் தாண்டியதும் கதிர் சொன்னான்: "அப்பா, இடது கால் கொஞ்சம் வலிக்குது."

வண்டியை ஓரம் கட்டினேன். தொடையை அழுத்திப் பார்த்தேன். மென்மையாகத்தான் இருந்தது. ரொம்ப நேரம் நின்றதால் வந்த சாதாரண வலியாக இருக்கலாம். இந்த முறை நான் கேட்காமல் அவனாகவே சொல்லியிருந்தான்.

"எப்ப இருந்து?"

"இப்பதான்ப்பா. இப்பதான் ஆரம்பிச்சுது."