கிருத்திகைக்கு இழுத்த குழாய்

2019 ஜூலை 25, வியாழன். ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள். வழக்கம்போல ஐந்து மணிக்கு எழுந்து, பால் வாங்கி வைத்து, டைரியில் தேதி எழுதினேன். பிறகு ஆர்.கே.பேட்டை சாலையில் இருக்கும் அக்கா வீட்டு நிலத்துக்கு சைக்கிளில் போய், எலுமிச்சம்பழம் நறுக்க உட்கார்ந்தேன்.

திருத்தணி மலைக்குக் காவடியோடு நடந்து வருகிறவர்களுக்கு அக்காவும் அவள் கணவர் பாவாவும் ஆண்டுதோறும் மூன்று நாள் சாலையோரம் பந்தல் போட்டுத் தண்ணீரும் பானகமும் கொடுப்பார்கள். மஞ்சள் உடுத்திய கூட்டமும் காவடி மணிச்சத்தமும் சுக்கு வாசனையும் சேர்ந்த அந்த நாள்களுக்காக ஆடி பிறந்ததிலிருந்தே காத்திருப்பேன். இப்போதும் வெல்லம் கரையும் வாசனை வந்தால் அந்தப் பந்தல்தான் நினைவுக்கு வருகிறது.

கிணற்றிலிருந்து பந்தலுக்குத் தண்ணீர் கொண்டுவரும் பழைய குழாய் அந்த ஆண்டு வெயிலில் வெடித்துவிட்டது. பாவா யோசிக்கவில்லை. அரசு மானியத்தில் மல்லிகைத் தோட்டத்துக்குப் போட்டிருந்த சொட்டுநீர்க் குழாயைக் கழற்றி இழுத்துவிட்டார். மூன்று நாள் தண்ணீர் இல்லாவிட்டாலும் மல்லிகை வாடிவிடாது.

மதியத்துக்குச் சற்று முன் அந்தக் குழாய்களைச் சோதிக்கும் அதிகாரி பைக்கில் வந்தார். நல்ல வெயில். பந்தலில் நின்று இரண்டு தம்ளர் பானகம் குடித்தார்.

"தண்ணி நல்லா இருக்கே, எங்கேர்ந்து வருது?"

"நம்ம கெணறுதான் சார். கவர்மெண்டு குடுத்த பைப்புலதான் வந்துகினு கீது!" என்றார் பாவா, பெருமையாக.

அதிகாரி தோட்டத்துக்குப் போய், குழாய் இல்லாத வரிசைகளைப் போனில் படம் எடுத்தார்.

"பைப்பு இந்த நெலத்த விட்டு நகரக்கூடாதுங்க. முழு மானியத்தையும் திருப்பிக் கட்டணும். இனிமே எந்தத் திட்டத்துலயும் உங்க பேர் ஏறாது."

"மூணே நாளு சார். தப்புன்னா ஒரு அபராதம் போடுங்க, கட்டிடறேன்."

"இதுல சின்ன அபராதம்னு ஒண்ணு கெடையாதுங்க. போட்டோ மேல போயிடுச்சு." தயங்கிவிட்டுச் சொன்னார்: "நாளைக்குக் காலைல நான் இந்தப் பக்கம் வருவேன். பைப்பு தோட்டத்துல இருந்தா, சரி பண்ணிட்டாங்கன்னு எழுதறேன். ஒத்துக்குவாங்களான்னு தெரியாது."

திக்கித் திக்கி ஓடிய கிணற்று மோட்டாரை மாற்றப் பாவா இன்னொரு மானியத்தைத்தான் நம்பியிருந்தார்.

சாயங்காலம் அக்கா கேட்டாள்: "நாளைக்குத்தான் கூட்டமே. பைப்ப உருவிட்டா நடந்து வர்றவங்க என்னாத்த குடிப்பாங்க?"

"அப்ப மானியத்த நீ கட்றியா?"

"நீ வாய வெச்சுகினு சும்மா இருந்திருந்தா அந்த ஆளு குடிச்சிட்டுப் போயிருப்பான். பெருமை வேற!"

பாவா என்னைப் பார்த்தார். நான் பழத்தைப் பார்த்தேன்.

மேலே ஒத்துக்கொள்ளவில்லை. முழுத் தொகையையும் கேட்டு, பொங்கல் கழித்து ஆணை வந்தது. புது மோட்டார் வரவில்லை. மல்லிகையும் இரண்டு கோடைக்கு மேல் தாங்கவில்லை. ஆனால் அன்று எங்களுக்கு அது தெரியாது.

மறுநாள் விடிந்ததும் முதல் வேலையாகப் பாவாவும் நானும் குழாயைக் கழற்றித் தோட்டத்தில் வரிசைக்கு வரிசை பொருத்தினோம். நாங்கள் நிமிர்ந்தபோது அக்கா இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு குடமுமாகக் கிணற்றுக்கும் சாலைக்கும் நடக்கத் தொடங்கியிருந்தாள்.