ராணியைத் தேற்றிய கதை

என் பேத்தி குதிரை வளர்க்கிறாள். பிரேசர் டவுனில் நான் கட்டிய மூன்று மாடி வீட்டில், சோபாவில் காலை நீட்டிக்கொண்டு, டேப்லெட்டில் வளர்க்கிறாள். அந்த விளையாட்டில் குதிரைக்குத் தீனி வைக்க வேண்டும், தண்ணீர் காட்ட வேண்டும், தேய்த்துவிட வேண்டும், ஏறி ஓட்டிப் பழக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு கோடு. கவனிக்காவிட்டால் சிவப்பாகும், கவனித்தால் பச்சையாகும்.

ஸ்கூல் வேலை இருக்கும்போது டேப்பை என்னிடம் தள்ளிவிடுவாள். "தாத்தா, கொஞ்ச நேரம் பாத்துக்கோ." எழுத்தெல்லாம் இங்கிலீஷ். எனக்கு எதற்கு எழுத்து? நாலாவதோடு படிப்பு நின்றவன் நான். பழைய இரும்பை வாங்கி விற்றே இந்த ஊரில் தலை நிமிர்ந்தவன். பட்டம் வாங்கியவர்கள் இன்று என் கடையில் கணக்கு எழுதுகிறார்கள். படத்தைப் பார்த்தே ஒரு வாரத்தில் அவள் குதிரைக்கு எல்லாக் கோட்டையும் பச்சையாக்கிவிட்டேன். வேலி தாண்டும் பந்தயத்தில் பரிசு ரிப்பனும் ஜெயித்துக் கொடுத்தேன். அவளால் முடியாமல் கிடந்த பந்தயம் அது.

ரிப்பனைப் பார்த்துக் குதிப்பாள் என்று நினைத்தேன். அவள் மூலையில் எதையோ தொட்டாள்.

"என்னம்மா பண்றே?"

"விக்கிறேன் தாத்தா."

"ஏன், நல்லாத்தானே இருக்கு?"

"நல்லா இருக்கறப்பதான் விக்கணும். எல்லாம் பச்சையா இருந்தாத்தான் ரேட் வரும். இது கூடத் தெரியாதா உனக்கு?"

அவளுக்கு எட்டு வயசு. அந்த வயசில் எனக்குத் தெரியவில்லைதான்.

என் அப்பா கன்டோன்மென்ட் ஸ்டேஷன் வாசலில் ஜட்கா ஓட்டியவர். சிவாஜிநகரில் ஒரு சந்துக்குள் எங்கள் வீடு. வீட்டை ஒட்டித் தகரக் கொட்டகை, அதில் ராணி. பழுப்புக் குதிரை, நெற்றியில் வெள்ளைப் பொட்டு. சந்துப் பிள்ளைகள் அவள் பக்கம் போகப் பயப்படுவார்கள். நான் அவள் வயிற்றுக்கடியில் புகுந்து அந்தப் பக்கம் வருவேன்.

ஒரு மழைக்காலத்தில் அப்பா மஞ்சள் காமாலையில் படுத்துவிட்டார். வண்டி ஓடவில்லை. வீட்டிலேயே அடுப்பு எரியாதபோது ராணிக்கு யார் வாங்கிப் போடுவது? அப்பா எழுந்து உட்கார்ந்தபோது அவள் விலா எலும்பெல்லாம் வெளியே தெரிந்தது. அம்மாவின் தம்பி, என் மாமா, அப்போது அடிக்கடி வந்துபோனார். குதிரையை விற்றுவிட்டு ஆட்டோ எடுக்கலாம், எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்பது அவர் பேச்சு. கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"இந்த எலும்புக்கூட்ட எவன் வாங்குவான்?" என்றார் அப்பா. வெளியே வந்த மாமா, நான் அழுதுகொண்டு நிற்பதைப் பார்த்தார். பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"டேய் மாப்ளே, எதுக்கு அழுவுற? எளைச்சுப் போனதாலதானே உங்கப்பா விக்கணும்ன்றாரு. நீ தேத்திக் காட்டு. தளதளன்னு நின்னா யாருக்குடா விக்க மனசு வரும்?"

எத்தனையோ தரகர்களை எதிரில் உட்காரவைத்துப் பேசியவன் நான். இதைவிடச் சுத்தமான ஒரு பொய்யை இன்றுவரை கேட்டதில்லை.

மறுநாளே ஆரம்பித்தேன். விடியும்போதே மார்க்கெட்டுக்குப் போய்க் காய்க்காரர்களுக்குக் கூடை தூக்கினேன். கூலி வேண்டாம், காரட் தழை போதும் என்றேன். கொள்ளு வேகவைத்தேன். குளம்புக்கு எண்ணெய் போட்டேன். வைக்கோலைப் புரியாகச் சுருட்டி, கை மரத்துப்போகும்வரை உடம்பைத் தேய்த்தேன். மயிர் போகும் திசையில்தான் தேய்க்க வேண்டும், மாற்றித் தேய்த்தால் உதைப்பாள். டேப்பில் எப்படித் தேய்த்தாலும் குதிரை தலையாட்டுகிறது.

எனக்குக் கிள்ளித் தரும் வெல்லத்தை ராணிக்கென்று கேட்டால் அம்மா கட்டியாக எடுத்துத் தந்தாள். அம்மா என் கட்சி என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. வாத்தியார் ஆள் அனுப்பியபோது, "அவன் வேலையா இருக்கான்" என்று அப்பா திருப்பி அனுப்பிவிட்டார். அடிக்காமல் விட்டாரே என்று எனக்குச் சந்தோஷம். என் நாலாவது வகுப்பு அங்கேதான் நின்றது.

ராணி தேறினாள். முதுகு மினுங்கியது. ஸ்டேஷன் ஜட்காக்காரர்கள்கூட வந்து பார்த்து, பையன் கை ராசிக்கை என்றார்கள்.

ஒருநாள் காலையில் மாமா தலைப்பாகை கட்டிய ஒருவரைக் கூட்டிவந்தார். "இவரு குதிரை நோட்டம் பாக்கறவரு. இவரு நல்லா இருக்குன்னு சொல்லிட்டா உங்கப்பா மறுபேச்சு பேச மாட்டாரு" என்று என் காதில் சொன்னார். வந்தவர் ராணியின் வாயைத் திறந்து பல் பார்த்தார். காலைத் தடவிப் பார்த்தார். பிறகு என்னைக் கண்ணால் காட்டினார். மாமா என்னைத் தூக்கி அவள் முதுகில் வைத்தார்.

குதிரை வாங்குகிறவர்கள் சின்னப் பிள்ளையை ஏற்றித்தான் பார்ப்பார்கள். பிள்ளைக்கு அடங்கினால் யாருக்கும் அடங்கும். அப்போது எனக்கு இது தெரியாது. சேணம் இல்லாமல், பிடரியைப் பிடித்துக்கொண்டு, பக்கத்து மைதானத்தை ஓட்டமாகச் சுற்றிவந்தேன். அந்த மாதிரி நான் அதற்கு முன்னால் ஓட்டியதில்லை. அப்பா பார்க்கிறாரா என்று பார்த்தேன். வண்டியின் ஏர்க்கால் மேல் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சென்னாகிதெ" என்றார் வந்தவர் கன்னடத்தில். நன்றாயிருக்கிறதாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. "கடிக்க மாட்டா சார். பாரம் எவ்ளோ ஏத்தினாலும் நிக்க மாட்டா. வெயில்ல கூட இழுப்பா" என்று அடுக்கினேன். மாமாவுக்கே அப்படிப் பேச வராது. என் வாழ்க்கையில் நான் முடித்த முதல் வியாபாரம் அது. லாபம் மாமாவுக்குப் போயிற்று.

ஆட்டோ வந்தது, மாமா பேரில் வந்தது. அப்பா சாகும்வரை மச்சானுக்கு வாடகை கட்டித்தான் ஓட்டினார். தலைப்பாகைக்காரருக்கு ஹொசகோட்டே பக்கம் செங்கல் சூளை. பின்னாளில் பழைய இரும்பு எடுக்க அந்தப் பக்கச் சூளைகளுக்கு நானே போயிருக்கிறேன். அங்கே மண் வண்டி இழுக்கும் குதிரைகளைப் பார்த்திருக்கிறேன். எதுவும் ரொம்ப நாள் தாங்காது என்று ஒரு மேஸ்திரி சாதாரணமாகச் சொன்னான். மாமா செத்தபோது எல்லாரையும்விடப் பெரிய மாலை என்னுடையதுதான். கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை.

ராணியை நோட்டம் பார்த்த அன்றைக்கே தலைப்பாகைக்காரர் அவள் கயிற்றைப் பிடித்து இழுத்தார். ராணி நகரவில்லை. காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"லாடம் மாத்தக் கூட்டிட்டுப் போறாரு மாப்ளே" என்றார் மாமா. "நீ சொன்னாத்தான் போவா. சொல்லு."

நான் நாக்கைத் தட்டி ஓசை கொடுத்தேன். உடனே நடந்தாள். என் சொல்லுக்குத்தான் அவள் நடக்கிறாள் என்பதைச் சந்தே பார்த்தது. அப்பா எழுந்து உள்ளே போனார்.

புது லாடத்தோடு சாயங்காலம் வருவாள், பசியோடு வருவாள் என்று கொள்ளு அளந்து ஊறப்போட்டேன். அம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்டேன். போடு என்றாள்.