எறும்புகளும் என் தேன்மதுவும்

ரங்கூனில் அப்போது ஒரு பலகை வீட்டின் மாடியில் குடியிருந்தேன். கீழே வீட்டுக்கார அம்மாள் டோ மியா இருந்தார். மதுவைத் தொடாத, ஈ எறும்பைக்கூடக் கொல்லாத பௌத்தர். அவருக்குத் தெரியாமல்தான் த்வாண்டே ஊர் மண் ஜாடியில் தேனைப் புளிக்கவைத்து மது தயாரித்தேன். நுரை அடங்குமுன்பே அவசரப்பட்டுப் புட்டிகளில் ஊற்றி, தக்கையை இறுக்கிக் கம்பி கட்டி, ஒரு வருஷம் ஊறட்டும் என்று கட்டிலுக்கடியில் வைத்தேன்.

கோடைப் பகலில் ஒரு புட்டி வெடித்தது. மது பலகை இடுக்கு வழியே அவருடைய புத்தர் மாடத்தில் சொட்டியது. எப்படியும் துரத்திவிடுவார் என்று நானே மூட்டை கட்டிக்கொண்டு கீழே இறங்கினேன்.

மாடத்தில் எறும்பு மொய்த்திருந்தது. டோ மியா ஒரு கோழி இறகால் அவற்றை மெல்ல இலையில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

“கண்ணாடி குத்திருச்சா, தம்பி?”

“இல்லைம்மா. மன்னிச்சுக்குங்க. இப்பவே கழுவிடறேன்.”

“ஐயோ, தண்ணி ஊத்தாதே. எறும்பெல்லாம் செத்துப்போகும்.” என் மூட்டையைப் பார்த்தார். “அதை வச்சுட்டு, இன்னொரு இறகு கொண்டா.”

சாயங்காலம்வரை அவர் பக்கத்தில் உட்கார்ந்து எறும்பு ஏற்றினேன். மதுவைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

மிச்சப் புட்டிகளின் தக்கையைத் தளர்த்தி வைத்தேன். அடுத்த வருஷம் மது நன்றாகவே முதிர்ந்திருந்தது. இன்றும் ஒரு சொட்டுச் சிந்தினால், துடைக்குமுன் குனிந்து பார்க்கிறேன்.