பாதியில் நின்ற படகு

ஹெப்சியின் கைகள் ஆம்பூர் ஷூ கம்பெனியில் பதினெட்டு வருஷம் பேக்கிங் பார்த்த கைகள். தான் படித்த நடுநிலைப் பள்ளியிலேயே நூலக உதவியாளராகச் சேர்ந்த முதல் வாரம், ஒரே புத்தகத்தின் இரண்டு பிரதிகள் கண்டால் போதும், ஜோடி சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டுவிட்டாள். தலைமையாசிரியர் ராமமூர்த்தி தலையில் அடித்துக்கொண்டார்.

"இன்னாம்மா இது, ஷூவா? நம்பர் பார்த்து அடுக்கு."

நம்பரையும் கற்றுக்கொண்டாள். ஆனால் பிள்ளைகள் நம்பர் சொல்லியா கேட்கிறார்கள்? "செவப்பு அட்டை மிஸ், உள்ள ஒரு கழுதை பேசும்" என்பார்கள். ஹெப்சி சட்டென்று எடுத்துக் கொடுத்துவிடுவாள். அவளும் அப்படித்தான் ஒரு புத்தகத்தைத் தேடிக்கொண்டிருந்தாள்.

பச்சை அட்டை, அதில் ஒரு படகு. காணாமல் போன அண்ணனைத் தேடி ஒரு பெண் தனியாகத் துடுப்புப் போடுவாள். எட்டாம் வகுப்பின் கடைசி நாள், பாதிக் கதையில் மணி அடித்துவிட்டது. லீவில் ஊழியர்களுக்கு மட்டும்தான் புத்தகம், பிள்ளைகளுக்குக் கிடையாது. அன்றும் அதுதான் சட்டம், இன்றும் அதுதான். லீவு முடிந்ததும் வந்து படிக்கலாம், அதுவரை வேறு யாரும் எடுத்துவிடக் கூடாதென்று பீரோவின் அடித்தட்டில், மற்ற புத்தகங்களுக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள். ஒன்பதாம் வகுப்புக்கு அவளை யாரும் அனுப்பவில்லை.

அண்ணன் கிடைத்தானா? இருபத்தேழு வருஷமாக மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். வேலைக்குச் சேர்ந்த அன்றே அந்த இடத்தைத் துழாவிப் பார்த்தாள். தூசிதான் இருந்தது.

இந்த வருஷம் கோடை லீவுக்குப் பள்ளி மூடும் நாள். பீரோவைப் பூட்டும் முன் பழக்கதோஷத்தில் கையை விட்டாள். ஒரு புத்தகம் தட்டுப்பட்டது. வெளியே இழுத்தாள். மஞ்சள் அட்டை. நடுவில் அடையாளத்துக்கு ஒரு பஸ் டிக்கெட்.

வாசலில் எட்டாம் வகுப்பு உமைமா பேயறைந்தது போல நின்றாள்.

"நான் திருடல மிஸ். பாதிதான் படிச்சேன். அடுத்த வருஷம் வேற ஸ்கூலுக்குப் போய்டுவேன்..."

ஹெப்சி பதிவேட்டைத் திறந்து, புத்தகத்தைத் தன் பெயரில் எழுதிக்கொண்டாள்.

"புடி. எடுத்துட்டுப் போ."

"எப்ப திருப்பித் தரணும் மிஸ்?"

"முடிச்சுட்டு வா. கடைசியில இன்னா ஆச்சுன்னு எனக்கு வந்து சொல்லணும்."

உமைமா ஓடினாள். ஹெப்சி மண்டியிட்டு, அடித்தட்டின் மூலைவரை இன்னொரு முறை துழாவிப் பார்த்துவிட்டுப் பீரோவைப் பூட்டினாள்.