தட்டுக் கோடுகள்

வன்னியில் யுத்தம் முடிந்த வாரம். டென்மார்க்கின் கோல்டிங்கில் சமையலறை அலுமாரிகள் வரையும் அலுவலகத்தில் என்னைப் போலவே ஈழத்தவரான அவர் எனக்கு அடுத்த மேசை. மெலிந்தவர், தற்காலிக வேலை. கணினியில் அலுமாரியின் படம், அதற்குள் பெட்டி, அதற்குள் தட்டு என்று ஒன்றுக்குள் ஒன்றாகத் திறப்பதை ஒரு தாளில் எழுதி, மூடும்போது ஒவ்வொன்றாக வெட்டுவார்.

அன்று அவர் வரைந்து அச்சான படத்தில் தட்டுகளின் கோடுகள் தெரியவில்லை. மேலாளர் காரணம் கேட்டார்.

"இவருடைய தாய் தகப்பன் வன்னியில். மனம் இங்கே இல்லை," என்று டேனிஷில் சொன்னேன்.

மேலாளர் போனபின் அவர் கணினியில் அலுமாரியைத் திறந்து பார்த்தார். கோடுகள் மறைந்திருந்தது நான் வரைந்து கொடுத்த தட்டில், மறைத்ததும் நான்தான். ஒரு சொடுக்கில் சரிசெய்தார்.

"இப்ப தெரியுது அண்ணை."

"என்ர பிழை. மேலாளரிட்டச் சொல்லுறன்."

"ஓம், இண்டைக்கே சொல்லுங்கோ. வாற மாதம் எனக்கு வேலை இருக்கோ எண்டு அவர் நாளைக்கு முடிவெடுக்கிறார்."

நான் சொல்லவில்லை. அவருக்கு வேலை நீட்டப்படவில்லை.

கடைசி நாள் கை தந்தார். தாய் தகப்பனைப் பற்றித் தகவல் ஏதும் வந்ததா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவர்களைச் சாட்டாக எடுத்தவன் நான். இன்றுவரை எனக்குத் தெரியாது.