நாலு பேர் அறையும் நான் பார்த்த படங்களும்

ஒரு வாரமாக, ஆண்களுக்குத் தன்னம்பிக்கை தரும் படங்கள் என்று யாரோ போட்ட பட்டியலை வைத்துப் பார்த்து வருகிறேன். எல்லாவற்றிலும் ஒரே பாடம்தான். நிமிர்ந்து நில், கண்ணைப் பார், நிதானமாகப் பேசு. கண்ணாடி முன்னால் பழகியும் பார்த்தேன்.

இன்று காலை பரீட்சை வந்தது. தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நான் போர்மேன்.

மேனேஜர் வந்து, "நாளைக்கு லோடு போகணும்லே. ரூமுக்கு ஆறு பேரா உக்கார வையி" என்றார்.

வெடிமருந்து அறைக்கு நாலு பேர்தான் என்று வாசல் சுவரிலேயே எழுதியிருக்கிறது. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். "சரி சார்" என்று வந்தது.

அறை வாசலில் போவதும் வருவதுமாக இருந்தேன். உள்ளே வேலையில் இருந்த மாரியக்கா, "என்ன தம்பி, இருப்புக் கொள்ளாம அலையிறீக?" என்றார்.

விஷயத்தைச் சொன்னேன்.

"உள்ள இருக்கது நாங்க. வெளிய இருக்கது நீங்க. நீங்கதான் தம்பி சொல்லணும்."

மேனேஜரிடம் திரும்பிப் போனேன்.

"நாலு பேருக்கு மேல வைக்க மாட்டேன் சார்."

குரல் கீச்சென்று வந்தது. கண்ணையெல்லாம் பார்க்கவில்லை, அவர் சட்டைப் பையைப் பார்த்துத்தான் சொன்னேன்.

முறைத்தார். பிறகு, "அப்ப லோடு ஒரு நாள் தள்ளித்தான் போகும்" என்று போனை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டார்.

அறையில் நாலு பேர்தான் உட்கார்ந்தார்கள். எனக்குத்தான் மதியச் சாப்பாடு இறங்கவில்லை.

படங்களில் இந்த இடத்தில் பாட்டைப் போட்டு முடித்துவிடுகிறார்கள். நாயகன் மறுநாள் அதே வேலைக்குப் போவதைக் காட்டும் படம் ஏதாவது இருந்தால், கீழே சொல்லுங்கள்.