ஆடிக் கிருத்திகைக்குள் ஒரு பின்னல்

நான்கு வருடங்களுக்கு முன்பு திருத்தணியில் நடந்தது இது. ஹார்மோன் கோளாறுகளையும் பெண்களின் உடல்நலத்தையும் கவனிக்கும் டாக்டர் நான். சென்னையில் வேலை என்றாலும், சனிக்கிழமைகளில் அந்த ஊரில் ஒரு சின்ன மருத்துவமனைக்கு வந்து போவேன். அங்கே எல்லோரும் என்னை 'பெரிய டாக்டரம்மா' என்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு, மறைப்பானேன்.

ஒரு தை மாதம், பொதட்டூர்பேட்டையிலிருந்து ஒரு பெண் வந்தார். வீட்டிலேயே தறி போட்டு லுங்கி நெய்பவர். தலையை முந்தானையால் மூடியிருந்தார். விலக்கினால், முடி கொத்துக் கொத்தாகக் கொட்டி மண்டை தெரிந்தது. ரத்தப் பரிசோதனையில் தைராய்டு சுரப்பு மிகவும் குறைவு. தினமும் வெறும் வயிற்றில் மாத்திரை போட வேண்டும், பொறுமையும் வேண்டும் என்றேன்.

அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “அடுத்த வருசம் ஆடிக் கிருத்திகைக்குள்ள வளந்துருமாங்க?”

வரும்போதெல்லாம் இதே கேள்வி. ஆடி கழிந்ததும் வீட்டில் ஏதோ கல்யாணம் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். “பின்னல் போட்டு, பூ வெச்சு, ஜம்முனு ஃபோட்டோ எடுத்துக்கலாம்” என்று கிண்டல் செய்வேன். அவர் சிரித்து மழுப்புவார். மாத்திரையை மட்டும் ஒரு நாள்கூடத் தவறவிட்டதில்லை. முடி மெல்ல அடர்ந்தது, முந்தானையும் இறங்கியது. நல்ல பின்னலோடு வந்த அன்று, நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டிப் பெருமைப்பட்டது நான்தான்.

ஆடிக் கிருத்திகை முடிந்த சனிக்கிழமை மறுபடி வந்தார். மழுங்க மழித்த மொட்டை, மேலே சந்தனம். எனக்கு வந்ததே கோபம்! “ஒன்றரை வருஷம் பாடுபட்டு வளர்த்தது இதுக்கா?” என்று கத்திவிட்டேன்.

அவர் அசரவில்லை. “எம் பொண்ணுக்கு ஜொரத்துல வலிப்பு வந்து கண்ணே தொறக்கலீங்க. பொழச்சிகினா என் முடிய குடுக்கறேன்னு மலைமேல இருக்கறவர வேண்டிக்கினேன். அவ பொழச்சிட்டா, ஆனா எனக்குக் கொட்ட ஆரம்பிச்சிடுச்சி. தானா கொட்டிகினு கெடக்கறத சாமிக்கு எப்டிங்க குடுக்கறது? மனசே ஆறல. அதான் உங்ககிட்ட ஓடியாந்தேன்.”

“இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே?”

“ஆங்... நீங்க பூ வெக்கலாம், ஃபோட்டோ எடுக்கலாம்னு ஆசையா சொல்லிகினு இருந்தீங்க. அத கெடுப்பானேன்னு வுட்டுட்டேன்” என்று சிரித்தபடி, திருநீற்றுப் பொட்டலத்தை என் மேஜையில் வைத்தார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்து போய் அந்தச் சந்தனத் தலையைத் தொட்டுப் பார்த்தேன். அவரைக் கண்ணாடி முன்னால் நிற்க வைக்க நான் ஆசைப்பட்டேன், அவரோ சாமி முன்னால் நிற்கத் தவித்திருக்கிறார். எத்தனையோ பெண்களுக்கு வைத்தியம் பார்த்திருக்கிறேன், குணமானதும் என்ன செய்யப் போகிறீர்கள் என்று ஒருவரிடமும் கேட்டதில்லை. இப்போது அதைக் கேட்காமல் மருந்து எழுத எனக்குக் கை வருவதில்லை.